குறை உடம்பில் இல்லை

(வளர்கல்வி மையத்தில், பெற்றோர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாம். பள்ளிக்கூடம் பத்திரமாக இருக்கிறதா என்று நாம் எப்படிப் பார்ப்போம்? கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்போம். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று பார்ப்போம். இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அது வாயிலிருந்து வருகிறது.

"ஏய் கருவாச்சி!" "டேய் குண்டா!" "ஒல்லிக்குச்சி!" "சோடாபுட்டி!"

இந்தப் பெயர்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இதற்குப் பயந்தே பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. படிப்பு பாதியில் நின்றால் என்ன ஆகும்? அதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எது விளையாட்டு? எது கொடுமை?

இரண்டு பேர் சரிக்குச் சரி கேலி செய்துகொள்கிறார்கள். இருவரும் சிரிக்கிறார்கள். நாளைக்கு மறந்துவிடுகிறார்கள். இது விளையாட்டு.

ஒரு பிள்ளையை மட்டும் குறிவைத்து, நாள்தோறும் கேலி செய்கிறார்கள். அந்தப் பிள்ளையால் எதிர்த்து நிற்க முடியவில்லை. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. இது கொடுமை. அடித்தால்தான் கொடுமை என்பதில்லை. பட்டப்பெயர் சொல்வதும், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் கொடுமைதான்.

நார்வே நாட்டில் நடந்தது

ஐரோப்பாவின் வடக்கே நார்வே என்ற நாடு இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு அங்கே மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களின் வயது 10 முதல் 14. கூடப் படித்தவர்கள் செய்த கொடுமையே காரணமாக இருக்கும் என்று தெரிய வந்தது. நாடே கலங்கிப் போனது. 1983-இல் அரசாங்கம் இதற்காக ஓர் இயக்கம் தொடங்கியது.

டான் ஓல்வேயஸ் என்ற மனநல அறிஞர் இந்த வேலைக்கு முன்நின்றார். அவர் பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். பெயர் எழுத வேண்டாம் என்றார். அதனால் பிள்ளைகள் உண்மையை எழுதினார்கள். 100 பிள்ளைகளில் சுமார் 9 பேர் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று தெரிந்தது. இது ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பெரும்பாலும் தெரியாமலே நடந்தது.

பிறகு பெர்கன் என்ற நகரத்தில் வேலை நடந்தது. சுமார் 2,500 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். என்ன செய்தார்கள்? பெரிய செலவு எதுவும் இல்லை. இடைவேளை நேரத்தில் ஆசிரியர்கள் வெளியே வந்து நின்று கவனித்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் சில விதிகள் வைத்தார்கள். யாரையும் கொடுமை செய்யக் கூடாது. கொடுமைக்கு ஆளானவருக்கு உதவ வேண்டும். தனியாக நிற்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடுமை செய்த பிள்ளையோடும் அதன் பெற்றோரோடும் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளில் கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

குறை யாரிடம்?

ஓல்வேயஸ் இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தார். குண்டாக இருப்பதால்தான் கேலி செய்கிறார்களா? கண்ணாடி போட்டிருப்பதால்தானா? முடியின் நிறத்தாலா? கேலிக்கு ஆளான சிறுவர்களையும் ஆளாகாத சிறுவர்களையும் ஒப்பிட்டார். தோற்றத்தில் இப்படிப்பட்ட வித்தியாசங்கள் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருந்தன. கேலிக்கு ஆளானவர்கள் உடல் வலுவில் மட்டுமே குறைந்திருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? குண்டாக இருக்கும் பல பிள்ளைகளை யாரும் கேலி செய்வதில்லை. எதிர்க்க முடியாத பிள்ளையைத்தான் பிடிக்கிறார்கள். பிறகு கேலி செய்ய ஒரு சாக்கு தேடுகிறார்கள். உடம்புதான் கைக்கு எட்டும் சாக்கு.

ஆனால் பிள்ளைக்கு இது தெரியாது. "என் நிறம்தான் காரணம், என் உடம்புதான் காரணம்" என்று அது நம்பிவிடுகிறது. யுனெஸ்கோ அமைப்பு 2019-இல் பல நாடுகளின் கணக்கை வெளியிட்டது. மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவர், முந்தைய ஒரு மாதத்திற்குள் கொடுமைக்கு ஆளாகியிருந்தார். பிள்ளைகள் அதிகமாகச் சொன்ன காரணம் தங்கள் தோற்றம்தான்.

டி.வி. வந்த தீவு

பிஜித் தீவை நாம் அறிவோம். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நாட்டு மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தீவு அது. அந்தத் தீவின் பூர்வ குடி மக்களுக்குப் பருத்த உடம்பு பிடிக்கும். நன்றாகச் சாப்பிடுகிறவர், வேலைக்கு வலுவானவர் என்று மதிப்பார்கள்.

1995-இல் அங்கே ஒரு பகுதிக்கு டி.வி. வந்தது. ஆன் பெக்கர் என்ற அறிஞர் அப்போதே அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். உடம்பு இளைக்க வேண்டும் என்று வாந்தி எடுக்கும் பெண் ஒருவர்கூட இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 1998-இல், மறுபடி விசாரித்தார். இப்போது 100-க்கு 11 பேர் அப்படிச் செய்தார்கள். நான்கில் மூன்று பேர், "நான் குண்டாக இருக்கிறேனோ" என்று சில நேரமாவது கவலைப்பட்டார்கள்.

பெண்களின் உடம்பைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. எது அழகு என்று வெளியே இருந்து ஒருவர் சொன்னார். பெண்கள் நம்பிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். சிவப்பாக்கும் கிரீம் என்று 1975 முதல் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல்தான் பெயரை மாற்றியது. பெயர் மாறியது. நம் மனம் மாறியதா? குழந்தை பிறந்ததும் "நிறம் எப்படி?" என்று கேட்பது யார்? பெண் பார்க்க வந்தவர் போனதும் "கொஞ்சம் கருப்புதான்" என்று சொல்வது யார்? பிள்ளைகள் பட்டப்பெயரைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்பதில்லை. பாதியை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொண்டு போகிறார்கள்.

பிள்ளை சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்

காலையில் பள்ளி நேரம் வந்தால் வயிறு வலிக்கிறது என்கிறதா? லீவு நாளில் அந்த வலி இல்லையா? புத்தகம் கிழிந்து வருகிறதா? சாப்பாட்டைக் குறைக்கிறதா? சோப்பும் பவுடரும் போட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறதா? இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள்.

"அவன் சொன்னால் நீயும் சொல்லு" என்று தள்ளிவிடாதீர்கள். "நீ கருப்புதானே, பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். முக்கியமாக, படிப்பை நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் தண்டனை நம் பிள்ளைக்குத்தான். "தப்பு உன்மேல் இல்லை கண்ணு. நான் வந்து பேசுகிறேன்" என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளையே மற்றவரைக் கேலி செய்தால்? அதையும் மறைக்க வேண்டாம். அடித்தால் அது இன்னும் முரட்டுத்தனம் கற்கும். நிதானமாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சட்டம் நம் பக்கம்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தவும் கூடாது என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. ஆசிரியர் வகுப்பில் உடம்பைச் சொல்லி அவமானப்படுத்தினால் நாம் கேட்கலாம்.

இந்தச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். இங்கே இருக்கும் நீங்களே அதில் உறுப்பினர் ஆகலாம். "இடைவேளையில் ஓர் ஆசிரியர் வெளியே நிற்க வேண்டும். பட்டப்பெயர் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்ட வேண்டும்" என்று கேளுங்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம். பணம் வேண்டாம்.

யாராவது பிள்ளையின் உடம்பைத் தவறாகத் தொட்டால் அது கேலி இல்லை. அது குற்றம். 2012-இல் வந்த போக்சோ சட்டம் அதற்குத் தண்டனை சொல்கிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். காசு இல்லை. இந்த எண்ணை இப்போதே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள்.



கலந்து பேசுவோம்

1. விளையாட்டுக் கேலிக்கும் கொடுமைக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் தெருவில் பிள்ளைகளை என்னென்ன பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? அவற்றில் உடம்பைக் குறிப்பவை எத்தனை?
3. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.