காலடியில் மலையின் வேர்

(மேல்மலையனூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையைத் தன் பெயரிலேயே கொண்டது இம் மேல்மலையனூர். இங்கிருந்து செஞ்சிக்குச் செல்வார், பானைகளை அடுக்கிவைத்தாற் போன்ற உருண்டைப் பாறைக் குன்றுகளைக் காணாமற் செல்ல இயலாது. “இவை எப்பொழுது தோன்றின?” என்று நம் சிறார் வினவினால் என்ன விடை கூறுவோம்? கதையொன்று கூறுவோம், அன்றேல், “அஃது ஆங்கிலத்திற் படிக்கவேண்டியது” என்போம். இரண்டும் தவறு. அவ்விடையைத் தமிழிலேயே தெளிவுறக் கூறலாம் என்று காட்டுதற்கே இங்கு நிற்கின்றேன்.

பச்சை மண்ணைச் சூளையிலிட்டால் செங்கல்லாகின்றது. மண் உருகி ஓடுவதில்லை. ஆயினும் அதன் தன்மை மாறிவிடுகின்றது. அங்ஙனமே நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாக்கப் பாறையும் உருகாமலே உருமாறும். சுண்ணக்கல் சலவைக்கல் ஆவதும் இவ்வாறே. இவற்றை உருமாறிய பாறைகள் என்பர்.

வடதமிழகத்தில் மிகுதியாகக் காணப்படும் கருநீலச் சாயலுள்ள வன்பாறை இத்தகையதே. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள இப்பாறைக்குத் தாமசு ஆலந்து என்னும் நிலவியலார் 1893-இல் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். கல்கத்தாவில் சோபு சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறையை மூடிய கல் அவ்வகையினது என்பதே காரணம். கல் நம்முடையது, பெயரோ அயலான் கல்லறையினின்று வந்தது! ஆயினும் சோர்தல் வேண்டா. நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லே ‘கொரண்டம்’ எனத் திரிந்து இன்று உலக நிலவியல் நூல்களிலெல்லாம் வழங்குகின்றது.

இத்தகைய பாறை உருவாக 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். 20 கிலோமீட்டர், அதனினும் மிக்க ஆழமும் வேண்டும். அவ்வளவு ஆழத்துக் கல் நம் வயலோரத்தில் கிடப்பது எவ்வாறு? இரு நிலத்தட்டுகள் முட்டும்போது நிலவோடு தடிக்கின்றது. மேலே மலை எழுகின்றது. கீழே அம்மலைக்கு வேர் இறங்குகின்றது. மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மலையைத் தேய்க்கத் தேய்க்க, வேர் மெல்ல மேலெழுகின்றது. நாம் உழுதுண்ணும் இந்நிலம் அவ்வாறு தேய்ந்தொழிந்த பெருமலையின் வேரே என்க. செஞ்சிக் குன்றுகளும் பழைய கொடுமுடிகள் அல்ல; அரிப்புக்கு எதிர்நின்று எஞ்சிய வன்பாறைகள்.

சரி, காலத்தை அறிவது எங்ஙனம்? முன்னோர் கன்னலில் நீர் சொட்டுவதைக் கொண்டு நாழிகை அளந்தனர். பாறைக்குள்ளும் ஒரு கன்னல் உண்டு. அதுவே சிர்க்கான் என்னும் சிறுமணி. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இம்மணி நிரம்ப உண்டு. பாறையில் இது மணற்பொடி அளவே இருக்கும். பாறையை இடித்துப் பொடியாக்கி, அரிசியிற் கல் அரிப்பதுபோல் நீரில் அரித்தால், எடை மிக்க இம்மணி அடியில் தங்கும்.

சிர்க்கான் உருவாகும்போது உரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தைப் பெரிதும் விலக்கும். உள்நின்ற உரேனியம் மாறா அளவில் சிதைந்து ஈயமாகிக்கொண்டே வரும். உரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். உரேனியம் 235-க்கோ 70 கோடி ஆண்டே. ஆகவே ஒரு மணிக்குள் இரண்டு கன்னல்கள்! 250 கோடி ஆண்டில் முன்னதில் நூற்றுக்கு 32 பங்கும், பின்னதில் 91 பங்கும் ஈயமாகியிருக்கும். இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் கணக்கு உறுதி. மேலும், மலையெழுச்சியின் வெப்பத்தில் பழைய மணியைச் சுற்றிப் புதிய தோல் வளரும். நடுவை அளந்தால் மணியின் பிறப்பும், தோலை அளந்தால் உருமாற்றத்தின் காலமும் தனித்தனியே விளங்கும்.

அவ்வளவைகள் கூறுவது யாது? வடதமிழகப் பாறைகளின் ஆக்கமும் உருமாற்றமும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தவை. பாலைக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக்கும் தெற்கே, மதுரைப் பக்கத்து மணிகளின் தோல் ஏறத்தாழ 55 கோடி ஆண்டைக் காட்டுகின்றது. ஈழத்திலும் மடகாசுக்கரிலும் அக்கால அளவே கிடைக்கின்றது. அன்று இந்நிலங்கள் ஒன்றோடொன்று முட்டி இணைந்தன. இமயத்தை எழுப்பிய மோதலோ ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியது.

இதைக் கேட்டுத் தமிழும் அத்துணைத் தொன்மையது என்று கைதட்டற்க. இக்கால மாந்தன் தோன்றி 3 இலக்கம் ஆண்டளவே ஆகின்றது. மொழியின் பழமைக்குச் சான்றை நூலிலும் கல்வெட்டிலும் அகழாய்விலும் தேடுக. பொய்ப்பெருமை தமிழுக்கு அரண் ஆகாது. பகைவர் கைக்கு நாமே கொடுக்கும் கோலாகும்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றிற்குச் சென்று பாருங்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை, ஏறத்தாழ 1,500 ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் பாறையில் வெட்டி வைத்தனர். அஃது உளி எழுதிய எழுத்து. பாறைக்குள் இருப்பதோ இயற்கை எழுதிய எழுத்து. குன்றை வெடிவைத்துச் சல்லியாக்கினால் இரண்டும் ஒருங்கே அழியும். ஏடு கிழிந்தால் படியெடுக்கலாம். குன்று போனால் எதைப் படியெடுப்பது?

இளைஞரே! இரண்டு எழுத்தையும் படிக்கக் கற்பீர். கற்றதைத் தமிழில் எழுதுவீர். தம் காலடி மண்ணின் வரலாற்றைத் தாய்மொழியிற் சொல்லத் தெரிந்த மக்களே அம்மண்ணைக் காக்கவும் வல்லார்.

வெல்க தமிழ்!