வேறு வழி உண்டா?

1995-ஆம் ஆண்டின் சர்வதேசக் கணித ஆய்வுக்காகப் படம்பிடிக்கப்பட்ட ஜப்பானிய எட்டாம் வகுப்பு ஒன்றில், ஆசிரியர் ஒரு பிரச்சினையை முன்வைத்தார்: இருவர் நிலங்களுக்கிடையே மடங்கிக் கிடக்கும் எல்லையை, எவர் நிலத்தின் பரப்பும் மாறாமல், நேர்கோடாக்குவது எப்படி? மாணவர்கள் முதலில் தனியே சிந்தித்து, பின்னர்த் தோழரோடு கலந்து, இணைகோடுகளுக்கிடையே ஒரே அடிப்பக்கத்தின்மீது நிற்கும் முக்கோணங்கள் சமபரப்புடையவை என்ற தத்துவத்தைத் துணைகொண்டு, தத்தம் வழிகளைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினர். ஆசிரியரே விடையைச் சொல்லிவிட்டால் மாணவன் அதை மனப்பாடம் செய்வான். சகமாணவனுக்குக் காரணம் காட்டி விளக்க நேரும்போதோ, தன் யுக்தியின் பலத்தையும் பலவீனத்தையும் தானே உணர்கிறான். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, விடை சரியா என்று கேட்பதோடு நில்லாமல், வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள். அதற்குரிய அவகாசத்தையும் மனமுவந்து அளியுங்கள்.