இருக்கு சார், ஆனா இல்லைங்குது!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அசடு வழிந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் குழுவில் ஒரு தம்பி, நம் கல்லூரிதான். மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு மென்பொருளை ஒப்படைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு போன். "சார், பில்ட் ஆகமாட்டேங்குது. லிப்-பி.என்.ஜி. இல்லைங்குது. ஆனா நான் போட்டிருக்கேன் சார்."

"போட்டிருந்தா ஏம்ப்பா இல்லைங்குது? பொய் சொல்லாதே, திரும்பப் போடு" என்று கத்தினேன். பாவம், மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் அதே பதில். ஆபீசுக்கே கிளம்பிப் போனேன். பார்த்தால், அவன் சொன்னது உண்மை!

உபுண்டுவில் இந்த மாதிரி லைப்ரரிகள் இரண்டு பொட்டலமாக வரும். ஒன்று, தயாராக இருக்கும் புரோகிராம் ஓடுவதற்கு. இன்னொன்றின் பெயர் 'டெவ்' என்று முடியும். ஹெடர் ஃபைல், லிங்கர் தேடுகிற எண் இல்லாத '.எஸ்.ஓ.' பெயர், பி.கே.ஜி-கான்ஃபிக் படிக்கிற '.பி.சி.' குறிப்பு எல்லாம் அதில்தான். தம்பி போட்டது முதலாவது மட்டும். பழைய மாணவர்களுக்கு நம் நூலகம் ஞாபகம் இருக்கும். புத்தகம் அலமாரியில் இருக்கும், டிராயரில் கார்டு இருக்காது. கேட்டால் "இல்லை" என்பார்கள். அதே கதை.

டெவ் போட்டோம். இப்போது, பதிப்பு பழசு என்று புகார். புதியதைக் கம்பைல் செய்து அவன் ஹோம் டைரக்டரியில் வைத்தோம். மறுபடியும் பழசையே எடுத்தது! பி.கே.ஜி-கான்ஃபிக் தனக்குப் பழக்கமான இடங்களில்தான் தேடும். அதற்கென்று உள்ள 'பாத்' மாறியில் புது இடத்தைச் சொன்னதும் பில்ட் ஆனது.

கைதட்டிவிட்டு ஓட்டினோம். ஓடும்போது தேடுகிறவர் வேறு ஆள், லோடர். அவரிடம் யாரும் சொல்லவில்லையே! எல்.டி.டி. போட்டால் பழைய ஃபைலையே காட்டியது. அவருடைய பாதையையும் தனியாகச் சொல்லி முடிக்கும்போது மணி நாலரை.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது, "அது எங்கே தேடிச்சு?" என்றுதான். 'கான்ஃபிகர்' தோற்றால், எந்தக் கட்டளை தோற்றது என்று 'கான்ஃபிக்.லாக்' ஃபைலில் அப்படியே எழுதி வைக்கும். சிமேக்கில் 2020-இல் வந்த 3.17 பதிப்பிலிருந்து 'டிபக்-ஃபைண்ட்' இருக்கிறது. தேடிய இடங்களையெல்லாம் அது ஒப்பிக்கும். அந்த லாகை ராத்திரி பதினொரு மணிக்கே திறந்திருந்தால், நான் அவனைப் பொய்யன் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

விடிந்ததும் டீக்கடையில், "தப்பு என்மேலதான்பா" என்றேன். "பரவாயில்ல சார், காசு நீங்க குடுத்துடுங்க" என்றான். கொடுத்தேன்.