சொல்லி எழுதுவித்த கதைகள்: வை. மு. கோதைநாயகி அம்மாள்



பத்தாண்டுகளாகப் பெரிதும் கவிதையையே பேசிவந்த இந்த மேடையில், வெகுஜன நாவலாசிரியை ஒருவரைப் பற்றிப் பேச இசைவு தந்தீர்கள். தருமுன் செயலாளர் சற்றே தயங்கினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அந்தத் தயக்கம் அவருடையது மட்டுமா? தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு அவை ஒதுக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு வரி. 115 நாவல்கள் எழுதினார்; ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். அவ்வளவே. எங்கள் மாணவியர் இந்த 115 என்னும் எண்ணை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நூற்றுப் பதினைந்தில் ஒன்றையேனும் படித்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால் அமைதிதான் விடை.

அம்மையார் 1901இல் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். தாயை மிக இளமையிலேயே இழந்து உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். ஆறு வயது நிரம்புமுன்னரே வை. மு. பார்த்தசாரதி அவர்களுக்கு மணம் செய்விக்கப்பட்டார். முறையான பள்ளிக்கல்வி இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் பாசுரங்களும் தமிழ் இலக்கியமும் கேட்டுப் படித்தவர் அவர். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார் என்பதை நாம் மறத்தலாகாது. அக்காலத்து வைணவக் குடும்பத்து மருமகள் ஒருத்திக்கு நாடகக் கொட்டகை எட்டாத் தொலைவு. கண்ட நாடகங்கள் உள்ளே கிளர்ந்தன. தாமும் ஒன்று இயற்ற விரும்பினார். ஆயினும் படிக்கத் தெரிந்த அவருக்கு எழுதப் பழக்கமில்லை.

அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் ‘இந்திரமோகனா’ என்னும் நாடகம் இவ்வாறு பிறந்தது. பாரதி மறைந்து மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன, அதே திருவல்லிக்கேணியில். பின்னர் அம்மையார் தாமே எழுதப் பழகிக்கொண்டார். இருப்பினும், கை பழகுமுன் வாய் பழகிய எழுத்தாளர் அவர் என்பதை அவருடைய உரைநடை கடைசிவரை மறக்கவில்லை என்பது என் துணிபு.

இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. குறையென்று நாம் ஏன் கொள்ளவேண்டும்? நம்மாழ்வார் சொல்ல மதுரகவி ஏடு பிடித்தார் என்பதுதானே வைணவ மரபு நமக்குச் சொல்வது? இங்கிலாந்தில் பார்பரா கார்ட்லண்டு சாய்விருக்கையில் படுத்தபடி செயலாளருக்குச் சொல்லிச் சொல்லியே நூற்றுக்கணக்கான காதல் கதைகளை ஆக்கினார். அங்கே அது வசதியின் அடையாளம். இங்கே மறுக்கப்பட்ட கல்வியின் அடையாளம். செயல் ஒன்று; நிலைமை வேறு. எழுதுகோல் மறுக்கப்பட்ட ஒருத்தி தோழியின் கையைக் கடன் வாங்கிக் கதையாசிரியை ஆனாள் என்பதைவிட நல்ல கதை அவருடைய நாவல்களிலும் இருக்கிறதா என்பது ஐயமே.

அடுத்து ‘வைதேகி’ நாவல். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஊக்கமளித்தார். அவருடைய யோசனையின்படியே 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழின் பொறுப்பை அம்மையார் ஏற்றார். அவருக்கு முன்பே நாவல் எழுதிய பெண்டிர் உண்டு. விசாலாட்சி அம்மாளை நினைவுகூர்தல் வேண்டும். ஆகவே ‘முதல் பெண் நாவலாசிரியை’ என்னும் பட்டத்தை அவசரப்பட்டு இவருக்குச் சூட்டவேண்டியதில்லை. அது இவருக்குத் தேவையுமில்லை. ஒரு பெண் தாமே ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் இருந்து, தம் கதைகளையே தாங்குதூணாக்கி, ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஓர் இதழை நடத்தினார் என்பதே போதும். 35 ஆண்டில் 115 என்றால் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல். இதழ் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதியவர் அவர். காகிதக்காரருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் மாதந்தோறும் விடை சொல்லவேண்டிய ஒருவரின் எழுத்து, ஓய்வாக அமர்ந்து செதுக்கும் எழுத்தைப் போல் இராது.

இந்நாவல்களைப் படித்தவர் யாவர்? அந்த நாளில் சென்னை மாகாணப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒரு சிலரே. ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் போதும். பிற்பகலில் அடுக்களை வேலை ஓய்ந்தபின் கூடத்தில் அவள் உரக்கப் படிப்பாள். மாமியாரும் நாத்தனாரும் அண்டைவீட்டு விதவைப் பாட்டியும் கேட்பார்கள். சொல்லப்பட்டு எழுத்தானது மீண்டும் சொல்லாகிச் செவிக்குப் போகிறது. அவருடைய நாவல்களில் வருணனை குறைந்து உரையாடல் பெருகுவதற்கும், செய்தி திரும்பத் திரும்பக் கூறப்படுவதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். கண்ணால் படிப்பவனுக்குக் கூறியது கூறல் குற்றம். நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருபவளுக்கு அது உதவி. கவியரங்கத்தில் ஓரடியை இரண்டு முறை படிக்கும் கவிஞர் பெருமக்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

தலைப்புகளையும் பாருங்கள். ‘பத்மசுந்தரன்’, ‘நளினசேகரன்’, ‘கௌரிமுகுந்தன்’. நாயகியின் பெயரும் நாயகனின் பெயரும் ஒட்டி ஒரே பெயராக நிற்கின்றன, நாயகி முன்னதாக! அது திட்டமிட்ட புரட்சி என்று நான் வாதிடவில்லை. காதில் விழும்போது இனிமையாக இருக்கிறது என்பதற்காகவே அவர் வைத்திருக்கலாம்.

குறைகளை மறைத்துப் பேசுவது ஆய்வாகாது. தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்த கதைகள் அவை. தீயோர் திடுமென மனந்திருந்துவர். நல்லோர் நீளமாக உபதேசிப்பர். கதர், மதுவிலக்கு, கைம்பெண் துயர், வரதட்சிணைக் கொடுமை எல்லாம் கதையின் நடுவே மேடைப் பேச்சாகவே வந்து நிற்கும். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யின் வழிவந்த அளவுகோலை வைத்தால் பெரும்பாலானவை தேறமாட்டா. என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், “இவையெல்லாம் இலக்கியமா அம்மா?” என்று கேட்டார். “இலக்கியம் படிக்கப் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தவை” என்றேன். அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பழையது. 1855இலேயே அமெரிக்க நாவலாசிரியர் நாதனியல் ஹாத்தார்ன், கிறுக்கித் தள்ளும் பெண் கூட்டம் நாட்டை ஆக்கிரமித்துவிட்டதென்று தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் குமுறினார். மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1852இல், ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நூலாக வெளிவந்து அந்நாட்டையே உலுக்கியிருந்தது. விற்பதெல்லாம் தாழ்ந்தது, அதிலும் பெண் எழுதி விற்பது மிகத் தாழ்ந்தது என்னும் எண்ணம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இருப்பது வியப்பே.

அவர் வெறும் கதைக்காரியாக மட்டும் இருந்துவிடவில்லை. 1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் எஸ். சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் தங்கியபோது அம்மையார் அவரைச் சந்தித்தார். பட்டும் நகையும் விலகிக் கதர் வந்தது. அவ்வீட்டு மகள் அம்புஜம்மாள் இவருக்குத் தோழமையானார். மேடைகளில் பேசினார், பாடினார். நல்ல குரல்வளம் என்பது கேட்டோர் பலர் எழுதிவைத்த செய்தி. 1932இல் மறியலில் சிறை சென்றார். வேலூர்ச் சிறையிலும் அவர் கதை எழுதுவதை நிறுத்தவில்லை. ‘உத்தமசீலன்’ அங்கே உருவானதே. அந்நாட்களில் ‘ஜகன்மோகினி’ நிற்காமல் பார்த்துக்கொண்டவர் கணவர் பார்த்தசாரதி. எழுத்தாளரின் மனைவியரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம்; எழுத்தாளரின் கணவரைப் பற்றிப் பேச இவரைப் போன்ற ஒருவர் கிடைப்பது அரிது.

திரைப்படமும் அவரைத் தேடி வந்தது. 1937இல் ‘ராஜமோகன்’, 1938இல் ‘அனாதைப் பெண்’. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘தயாநிதி’ நாவல். அதைத் தழுவிக் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் ‘சித்தி’ என்னும் படத்தை எடுத்தார், பத்மினி, எம். ஆர். ராதா, ஜெமினி கணேசன் நடித்தது. வெளிவந்த ஆண்டு 1966. குடும்பத்துக்காக வயது முதிர்ந்தவருக்கு வாழ்க்கைப்படும் பெண்ணின் கதையைத் தமிழகமே திரண்டு பார்த்தது. பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை யாருடையது என்று தெரியும்?

அம்மையாருக்கும் அந்த வெற்றியைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே மகன் சீனிவாசன் 1956இல் மறைந்தார். அதன்பின் அவர் மீளவேயில்லை. காசநோயுற்றுத் தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20ஆம் நாள் காலமானார். அவரோடு ‘ஜகன்மோகினி’யின் காலமும் முடிந்தது.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோளுடன் அமர்கிறேன். ‘ஜகன்மோகினி’ அச்சான மலிவுக் காகிதம் தொட்டால் உதிர்கிறது. ஆயினும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பழைய வீடுகள் சில இன்னும் இடிபடாமல் இருக்கின்றன. அவற்றில் பரண்களும் இருக்கின்றன. பாட்டிமார் நூலால் தைத்துக் கட்டிவைத்த தொடர்கதைத் தொகுதி ஏதேனும் கண்ணில் பட்டால் பழைய காகிதக் கடைக்குப் போடவேண்டாம். தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். இயலாவிடில் நம் வட்டத்தின் செயலாளரிடம் கொடுங்கள். இம்முறை அவர் தயங்கமாட்டார் என்று நம்புகிறேன்.