கட்டண உயர்வும் குடித்தனக்காரரும்



1902ஆம் ஆண்டிலே காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்சாரம், அருகிலிருந்த மைசூர் நகருக்கு முதலில் வரவில்லை. ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே ஓடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் ஏராளமானோர். ஆகவே கன்னட நாட்டு மின்சாரத்திற்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஆயினும் அதன் விலையை முடிவு செய்யும் இடத்தில் மட்டும் நம்மைக் காண்பது அரிதாயிருக்கிறது.

மைசூரில் வாழும் நம்மிற் பலர் வாடகை வீட்டினர். ஊரிலே இரு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் பார்ப்பார்கள், இங்கே மாதந்தோறும். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து யூனிட்டுக்கு 36 பைசா கூடியபோது, "மழை நன்றாகப் பெய்தும் விலை ஏன் ஏறியது?" என்று நமக்குள் பேசிக்கொண்டோம். காரணம் மழையன்று. மின்துறை ஊழியரின் ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றில் அரசு ஏற்க வேண்டிய பங்கை மின்சாரம் வாங்குவோரிடமே பெறுவதென்று தீர்மானித்தார்கள். உழைத்து ஓய்ந்தவருக்கு ஓய்வூதியம் வேண்டியதே. அதை யார் தருவது என்பதன்றோ கேள்வி? அக்கேள்வியை எழுப்ப ஓர் இடமும் இருக்கிறது.

மைசூர், மாண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு ஆகிய மாவட்டங்களுக்கு மின்சாரம் வழங்குவது சாமுண்டேஸ்வரி மின்சார வழங்கல் கழகம். அது தன் விருப்பப்படி விலையை ஏற்றிவிட முடியாது. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுச் செய்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு, அம்மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டுமென்றும், பொதுமக்கள் கூறும் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் ஆராய்ந்து 120 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டுமென்றும் விதிக்கிறது. பொதுமக்கள் என்றே சட்டம் சொல்கிறது; மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. இது மத்தியச் சட்டமாதலால் பம்பாயிலும் டில்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மவர்க்கும் இவ்வுரிமை உண்டு.

குடித்தனக்காரர் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வீட்டுக்காரர் அதைச் சொல்லமாட்டார். 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிருகஜோதித் திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை சலுகை. அதுவும் எல்லோர்க்கும் 200 அன்று. 2023இல் வகுத்த விதிப்படி, முன் ஆண்டுச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்த அளவே. வாடகைக்கு இருப்போரும் இதற்கு உரியவரே. ஆனால் ஒரே வளவில் மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் என்ன ஆகிறது? குடும்பத்துக்கு 80 யூனிட் என்றால் மொத்தம் 240. வரம்பு கடந்துவிட்டது, முழுத் தொகையும் செலுத்த வேண்டும். அதன்மேல் 2025இல் அந்த 36 பைசாவால் மட்டும் 86 ரூபாய் 40 பைசா கூடியது. மச்சு வீட்டில் தனியே ஒரு மீட்டர் வைத்திருப்பவர்க்குச் சலுகை. சிக்கனமாய் வாழும் மூவர்க்கும் இல்லை. கிடைக்கும் பில்லையேனும் நம் கண்ணிற் காட்டுகிறார்களா? பல இடங்களில் வீட்டுக்காரர் சொல்லும் தொகைதான் கணக்கு.

இனி, தண்ணீர். மைசூர் மேட்டு நகரம். ஹொங்கள்ளி, பெலகொளா, மேளாபுரம் ஆகிய இடங்களில் காவிரியிலிருந்தும், பிதரகோட்டில் கபினியிலிருந்தும் நீரைப் பம்பு செய்தே ஏற்றுகிறார்கள். மின்சாரம் விலை ஏறினால் குழாய்நீரின் அடக்கவிலையும் ஏறும். பெங்களூரில் 11 ஆண்டுகளுக்குப் பின் 2025இல் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தியபோது மின்செலவையே முக்கிய காரணமாகச் சொன்னார்கள். ஆனால் தண்ணீர் விலைக்கு இங்கே மின்சாரத்திற்குள்ளது போன்ற ஆணையம் இல்லை. மாநகராட்சியும் மாநில அரசுமே முடிவு செய்கின்றன. மாநகராட்சி மன்றத்தின் காலமோ 2023 நவம்பரில் முடிந்தது. உடனே தேர்தல் நடைபெறாமையால், முறையிடுவதற்கு வார்டு உறுப்பினரும் இல்லாத நிலை ஏற்பட்டது.

ஒரு வழி இருக்கிறது. குடிநீர்ப் பம்பு நிலையங்களுக்கான மின்கட்டணத்தையும் அதே மின்சார ஆணையம்தான் தனி வகையாக வைத்து நிர்ணயிக்கிறது. ஆகவே நாம் எழுதும் ஒரே ஆட்சேப மனுவில் விளக்கைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சேர்த்தே கேட்கலாம். கன்னடம் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியவில்லையே என்று தயங்குவோர் நம்மில் பலர். நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளிற் கன்னடம் படிக்கிறார்கள். அடுத்த கட்டண மனு பத்திரிகையில் வெளிவரும் நாளில், பழைய பில்களை எடுத்து வைத்து, அவர்களைக் கொண்டே எழுதுவிப்போம்.