திரும்பி வந்த வைத்தியர்



ஒரு பணியைத் தொடங்குதல் ஒன்று. அதனை முற்ற நடத்துதல் வேறொன்று. திருவள்ளுவர் வினைத்தூய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து வினைத்திட்பத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். செய்யும் வினை தூயதாக இருந்தால் மட்டும் போதாது, அதனை இறுதிவரை கொண்டு செல்லும் மனத்திண்மையும் வேண்டும் என்பதே அந்த வரிசை நமக்குக் கூறுவது. இதற்கு உதாரணமாக, சமய ஊழியத்துக்கென நம் மண்ணுக்கு வந்த ஒருவருடைய வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர்தாம் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது 1816 ஆம் ஆண்டில். அதன் வைத்திய ஊழியத்தைப் பண்டத்தரிப்பில் முதலில் நடத்தியவர் டொக்டர் ஜோன் ஸ்கடர். அவர் சென்னைக்குச் சென்றபின், 1847 இல் இங்கு வந்து சேர்ந்தார் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரைச் சேர்ந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் கற்றவர். வந்தபோது வயது 25. அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும், நம் இளைஞருக்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கிவிட்டார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870 இல் என்பதை நினைத்துப் பார்த்தால், மானிப்பாயின் முதன்மை விளங்கும்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. வெப்பமும் இடையறாத உழைப்பும் உடலை வருத்த, 1857 இல் கிறீன் தாயகம் புறப்பட்டார். அதுவரை அவர் செய்தது சிறிய பணியன்று. மாணவர் பலரை வைத்தியராக்கியிருந்தார். அங்காதிபாதம் பற்றியும் பிரசவ வைத்தியம் பற்றியும் தமிழ் நூல்கள் அச்சேறியிருந்தன. பிறந்த ஊரிலேயே தங்கியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். உடல் நலிந்தவன் ஓய்வு கொள்வதில் பழி என்ன இருக்கிறது?

ஆனால் 1862 இல், நாற்பது வயதை எட்டும் வேளையில், மணம் முடித்த கையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் மறுபடியும் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருபவன் எதிர்காலத்தை அறியாமல் வருகிறான். கிறீனோ அறிந்துகொண்டே வந்தார். வாந்திபேதியும் காய்ச்சலும் இங்கு எப்படி வரும், கிடைக்கும் வசதி எவ்வளவு, தம் உடல் தாங்கக்கூடியது எவ்வளவு என்பன எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வருகையிலும் பார்க்க இரண்டாவது வருகையே அரியது என நான் கருதுவது இதனாலேதான்.

அந்த இரண்டாவது வருகை இல்லாதிருந்தால் நமக்கு என்ன இல்லாமற் போயிருக்கும்? கிறீனிடம் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்ற இளைஞர் பலர், கூடிய சம்பளம் தரும் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமங்களோ வைத்தியர் இன்றியே இருந்தன. திரும்பி வந்த கிறீன் இதனைத் தீர யோசித்து, 1864 முதல் வைத்திய வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவான், தன் அயலவரின் மொழியில் அவருக்கு நோயை விளக்குவான் என்பது அவர் எண்ணம். மாணவர் ஐரோப்பிய நடையுடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

கற்பிக்க நூல் வேண்டுமே! இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இலும் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழைப் பார்ப்பது, கிடைக்காதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்து எழுதுவது என்ற முறையை அவர் கைக்கொண்டார். 'கெமிஸ்தம்' என்னும் சொல் அவ்வாறு பிறந்தது. இரசாயனவியல் பற்றிய அந்நூல் 1875 இல் வந்தது. தம் மாணவரையே மொழிபெயர்ப்பிலும் துணையாகக் கொண்டார். இரு தவணைகளிலும் அவர் பயிற்றிய வைத்தியர் தொகை அறுபதுக்கும் மேற்பட்டது.

1873 இல் உடல்நலம் மீண்டும் குன்ற, அவர் இறுதியாக விடைபெற்றார். ஆயினும் பணி முடியவில்லை. வூஸ்ரரிலிருந்தபடியே தமிழ்ப் பிரதிகளைத் திருத்தி வந்தார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தம்மைத் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் எனக் கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

சைவப் பாரம்பரியத்தில் வந்த நான் இவரைப் போற்றுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிறீன் வந்தது கிறிஸ்து சமயத்தைப் பரப்பவே. அதனை அவர் ஒளிக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய சமய நோக்கை ஏற்காமலே, அவருடைய உறுதியை மதிக்கலாம்.

இங்கே ஓர் இயைபையும் சொல்ல வேண்டும். கிறீன் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். மானிப்பாயிற் கிறீன் பணி தொடங்கிய 1848 இலேதான் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பேர்சிவல் பாதிரியாரிடம் பார்த்த ஆசிரியத் தொழிலையும் துறந்தார். ஒருவர் கடல் கடந்து வந்து ஒரு சமயத்துக்கு உழைத்தார். மற்றவர் சொந்த மண்ணில் நின்று அதனை எதிர்த்து உழைத்தார். கொள்கையால் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆனால் நாவலர் இல்லறமும் வேண்டாது, 1877 இன் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்து, 1879 இல் மறையும்வரை ஓய்ந்தாரில்லை. எடுத்த பணியை இடையில் விடாமை இருவருக்கும் பொது.

கிறீனுக்குப் பின் தமிழ் வைத்திய வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. உத்தியோகமும் பரீட்சையும் ஆங்கிலத்தையே வேண்டி நின்றன. ஒருவர் தம் காலத்தை முற்றச் செய்தாலும், அடுத்தவர் தம் பங்கைச் செய்யாவிடின் பணி தளர்ந்துவிடும் என்பதும் இவ்வரலாறு தரும் பாடமே.

இன்று கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கும் கிராமத்து வைத்தியசாலைக்கும் நியமனம் பெறும் இளைஞர், கடமை ஏற்ற அன்றே இடமாற்ற விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குவதைக் காண்கிறோம். நோயும் குடும்பச் சுமையும் உள்ளவரை நாம் குறை கூறலாகாது. கிறீனும் நோயினாலேயே போனார். ஆனால் நோய் நீங்கியதும் தம் மாணவரிடம் வந்தார். முதல் ஆண்டில் ஆசிரியர் ஊரை அறிகிறார். இரண்டாம் ஆண்டிற் பிள்ளைகளை அறிகிறார். அதன்பின்பே உண்மையான கற்பித்தல் தொடங்குகிறது. அந்த வேளையில் அவர் புறப்பட்டுவிட்டால், பிள்ளைகள் மறுபடியும் முதலாம் ஆண்டு ஆசிரியர் ஒருவரிடமே அகப்படுகின்றனர். விண்ணப்பத்தை எழுதுமுன், இன்னும் ஓர் ஆண்டு நின்றால் இந்த ஊருக்கு என்ன கிடைக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு அவர்களை வேண்டி அமைகிறேன்.