பாட்டி கண்ட பிழை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஆறாம் ஆண்டு வகுப்பில் "நான் ஒரு பால்மரம்" என்று தன்கதை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் கொண்டு வந்த கட்டுரையைப் படித்து அசந்து போனேன். எழுத்துப் பிழை கிடையாது, உவமைக்கும் பஞ்சமில்லை. 20-க்கு 18 போட்டேன். மறுவாரம் அவன் பாட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஆயுள் முழுக்க மரம் சீவியவர். "ஏன் சார், உச்சி வெயில்ல யாராச்சும் மரம் வெட்டுவாங்களா? இதுக்குப் போயி மார்க்கு போட்டிருக்கீங்களே!" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். தொழிலாளர்கள் நண்பகலில் வந்து பட்டையைச் சீவுவதாக மிக அழகாக எழுதியிருந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும் என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? அழகான தமிழில் மயங்கிவிட்டேன். எழுதியது பையன் அல்ல, அவன் அண்ணனுடைய கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு. ஏ.ஐ. என்கிறார்களே, அதுதான். பையனை நான் திட்டவில்லை. ஏமாந்தவன் நானுந்தானே!

அந்த இயந்திரம் எண்ணிலடங்காத பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. பால்வாளியைத் தூக்கியதில்லை, கொசுக்கடி பட்டதில்லை. அது படித்தவற்றில் தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. தெரியாத இடத்திலும் தயங்காமல் எழுதிவிடும்.

"இதெல்லாம் கோலாலம்பூர்க்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்கிறீர்கள். நம் ரெங்கம் ரயில் பாதையிலேயே தெற்கே போங்கள். லாயாங் லாயாங் தாண்டினால் குலாய். அங்கே குலாய் யங் தோட்டத்து நிலத்தில் ஒய்.டி.எல். நிறுவனம் 275 ஏக்கரில் தரவு மையப் பூங்கா அமைத்து வருகிறது. ஏ.ஐ. ஓடுகிற கணினிகளை அடுக்கி வைக்கும் கட்டடங்கள் அவை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்தோடு இதற்காகக் கைகோத்தது. பக்கத்துச் செடெனாக்கிலும் இதே வேலைதான். காட்டை அழித்து ரப்பர் நட்டது நம் தாத்தாமார். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வந்தபோது, கையில் வேறு தொழில் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு பட்டணத்துக்கு லோரி ஏறின என்பதை நீங்களே அறிவீர்கள். இப்போது செம்பனையும் போய்க் கணினிக்குக் கொட்டகை எழும்புகிறது.

அந்தக் கொட்டகைக்குள் யார் போவது? கணினிகள் இரவு பகலாகச் சூடாகிக் கொண்டே இருக்கும். குளிரவைக்க ஆள் வேண்டும். மின்சாரம் ஒரு விநாடியும் அறுந்துபோகாமல் காக்க ஆள் வேண்டும். கேபிள் இழுக்க ஆள் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பட்டம் தேவையில்லை. தொழிற்கல்லூரியில் மின்சாரமோ குளிர்சாதனமோ முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் உள்ளே போகலாம். கேட்டில் ஜாகா வேலையும் இருக்கும். அது கேவலமல்ல, என் அப்பா பார்த்த வேலை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் மிஞ்சும் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, அம்மாமார்களே, அப்பாமார்களே, மூன்றாம் படிவத்தோடு பையனைக் கடைக்கு வேலைக்கு அனுப்பாதீர்கள். கணக்கில் விழுந்தவனை என்னிடம் அனுப்புங்கள், பணம் வேண்டாம்.

அடுத்த தவணையில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு வகுப்பு வைக்கிறேன். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பிள்ளைகள் ஏ.ஐ.யிடம் கேள்வி கேட்பார்கள். அது சொல்கிற பதிலை வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். பள்ளியில் நான்கு கணினிகள் உண்டு, மூன்று ஓடும். அந்தப் பாட்டி இப்போதே சிவப்புப் பேனா கேட்டிருக்கிறார். வாங்கி வைத்துவிட்டேன்.